நல்ல தழும்பு

2024 ஆகஸ்ட் 5, திங்கள். கோவை

தம்பியைக் காப்பாற்றியது ஒரு புரதம். ஐசிசியூ வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தபோது இதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய காலத்தில் எத்தனையோ புரதங்களைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அவற்றில் ஒன்று என் வீட்டு ஆளின் உடம்புக்குள் இறங்கி வேலை செய்ததை இப்போதுதான் கிட்ட நின்று பார்க்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் விடியற்காலை அவனுக்கு நெஞ்சை அழுத்தியிருக்கிறது. வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்ததில் கொஞ்ச நேரம் போனாலும், அவன் மகன், என் மருமகன், சட்டென்று காரில் ஏற்றிவிட்டான். பொள்ளாச்சியில் ஈசிஜி எடுத்தவுடனே பெரிய அட்டாக் என்று சொல்லி, கட்டியைக் கரைக்கிற ஊசியை அங்கேயே போட்டுத்தான் இங்கே அனுப்பினார்கள். சாயங்காலம் ஆஞ்சியோ. இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊசி டெனெக்டெப்ளேஸ். இரத்தக்குழாயின் உட்சுவர் இயல்பாகவே சுரக்கிற டி.பி.ஏ. என்ற புரதத்தை எடுத்து, அதில் மூன்று இடங்களில் அமினோ அமிலங்களை மாற்றிச் செய்தது. மாற்றியதால் இரத்தத்தில் அது சீக்கிரம் அழிவதில்லை. பழைய வடிவத்தை ஒன்றரை மணி நேரம் ஏற்ற வேண்டும். இதைச் சில நொடிகளில் ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே போட முடிகிறது என்றால் அந்த மூன்று மாற்றங்களால்தான்.

இதற்கும் முன்னால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருந்தது. தொண்டைப் புண் வரவழைக்கிற கிருமி சுரக்கும் புரதம் அது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் அதன் குணத்தை வில்லியம் டில்லெட் 1933-ல் எழுதி வைத்தார். மாரடைப்பில் அது உயிர் காக்கும் என்று ஐயமில்லாமல் காட்டியது 1986-ல் இத்தாலியில் நடந்த ஜிஸ்ஸி ஆய்வு. 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஊசி போடாதவர்களில் 21 நாளுக்குள் இறந்தவர்கள் 13 சதவீதம், போட்டவர்களில் 10.7. வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி கிடைத்தவர்களில் மட்டும் பார்த்தால் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மணி நான்கு. நர்ஸ் வந்து, ஒரு ஆள் மட்டும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்கிறார். தம்பி மனைவியை அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எக்கோ எடுத்தார்கள். பம்பிங் 38 சதவீதம். நல்ல இதயத்தில் இது 55-க்கு மேல் இருக்கும்.

மருமகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அத்தை, செத்துப்போன சதை மறுபடி வளர்றதுக்கு ஊசி வந்திருக்குதாமாங்க. புரோட்டீன் ஊசின்னு போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. அப்பாவுக்குப் போட்டா ஆகாதுங்களா? காசைப் பத்தி யோசிக்காதீங்க."

பார்த்துச் சொல்கிறேன் கண்ணு என்றேன். அவன் கண் கலங்கியிருந்தது. தெரியாது என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை, இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை. அவனுக்குச் சொல்வதற்காகவாவது இதை முழுசாகப் படித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். இதயத்தின் இடது கீழறையில் 200 கோடி முதல் 400 கோடி வரை தசைச் செல்கள். பெரிய அட்டாக் ஒன்றில் 100 கோடி வரை செத்துப்போகலாம். தோல் செல்லும் குடல் செல்லும் நாளுக்கு நாள் புதிதாக வருகின்றன. இதயத் தசைச் செல் அப்படி வருவதில்லை.

அறவே வருவதில்லையா என்பதற்கு விடை கிடைத்த விதம் என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 ஏறியது. அப்படி வெடிப்பதைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக இறங்கியது. செடி அதை எடுத்துக்கொள்ளும், செடி வழியாக நாம். ஒரு செல் பிறந்த ஆண்டு அதன் டி.என்.ஏ.வில் இப்படிப் பதிந்துவிடுகிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழு இறந்தவர்களின் இதயங்களை எடுத்து இந்தப் பதிவைப் படித்து, 2009-ல் வெளியிட்டது. 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் தசைச் செல்கள் புதிதாகின்றன. 75 வயதில் அரை சதவீதத்துக்கும் கீழே. ஆக, வாசல் முழுக்க மூடியிருக்கவில்லை. ஆனால் செத்த 100 கோடியை ஈடுகட்ட இந்த வேகம் எந்த மூலைக்கும் போதாது.

வேறு உயிர்களுக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது. கென்னத் பாஸும் மார்க் கீட்டிங்கும் 2002-ல் காட்டினார்கள். பிறந்து ஒரே நாளான சுண்டெலிக் குஞ்சுக்கும் அந்தத் திறன் உண்டு. ஏழாம் நாளுக்குள் அது போய்விடுகிறது. டெக்சாசில் ஹெஷாம் சாதெக்கும் எரிக் ஓல்சனும் 2011-ல் கண்டது இது.

ஒரு வாரத்தில் எது மூடியது? மூடியதைத் திறக்கும் சாவி ஏதாவது ஒரு புரதமாக இருக்குமா? இந்தத் துறையின் பாதி வேலை இந்தக் கேள்விதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று வார்டுக்கு மாற்றினார்கள். முக்காதே, எழுந்து ஓடாதே, மலம் இளக மருந்து எடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். எழுபது கிலோ தேங்காய் மூட்டையைத் தூக்கியவனுக்கு இதெல்லாம் அவமானமாக இருக்கிறது. ஏன் என்று அவனுக்குச் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

செத்த தசையை முதலில் வெள்ளணுக்கள் வந்து தின்று அப்புறப்படுத்துகின்றன. அதன் இடத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் கொலாஜன் நாரை நிரப்புகின்றன. இந்த இரண்டு வேலைக்கும் நடுவே சில நாட்கள் அந்தச் சுவர் பழைய பலமும் இல்லாமல், புதிய பலமும் வராமல் இருக்கிறது. அரிதாகத்தான் நடக்கும் என்றாலும், சுவர் கிழிந்து போகக்கூடியது பெரும்பாலும் இந்த முதல் வாரத்தில்தான். கிழிந்தால் பிழைப்பது கடினம்.

அதனால் தழும்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தழும்புதான் இப்போது அவன் இதயத்தைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பெரியாஸ்டின் என்று ஒரு புரதம் உண்டு. கொலாஜன் நார்களைக் கட்டுக்கோப்பாக வைப்பதில் அதற்குப் பங்கு. அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கினால், இதயச் சுவர் கிழிந்து சாவது அதிகமாகிறது. தழும்பே வேண்டாம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால், இந்த எலிகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தழும்புக்கு விலையும் உண்டுதான். அது சுருங்கி விரியாது. ஆண்டுகள் போகப் போக மெலிந்து பிதுங்கலாம், மிச்சமுள்ள நல்ல தசை அதற்கும் சேர்த்து உழைத்துக் களைத்துப்போகலாம். மின்னோட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது துடிப்பு தாறுமாறாகி திடீர் மரணமும் நேரலாம். இந்த மூன்றையும் குறைக்கிற மருந்து ஒன்று கிடைத்தால், புதுத் தசை ஒரு துளி வளராவிட்டாலும் அது பெரிய மருந்துதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. பொள்ளாச்சி

வீட்டுக்கு வந்தாயிற்று. பார்க்க வருகிற சொந்தமெல்லாம் ஆளுக்கொரு டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கி வருகிறது. "சதை செத்துப்போச்சுல்ல, புரோட்டீன் உள்ள போனாத்தான் ஊறும்." அன்போடு கொடுக்கிறார்கள், வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறோம். வாயால் சாப்பிடுகிற புரதம் எதுவும் அந்த உருவத்தோடு இரத்தத்துக்குப் போகாது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாக அறுத்துவிடும். இதயத்துக்குச் சேதி சொல்கிற புரதம் அதன் மடிப்பு குலையாமல் அங்கே போய்ச் சேர வேண்டும். ஊசியாகவோ, இதயத்தின் மேல் ஒட்டுகிற பட்டையாகவோதான் போக முடியும். இந்தச் சிகிச்சைகளில் ஒன்றுகூட மாத்திரையாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

மருமகன் அந்த வீடியோவைக் காட்டினான். புரதம், ஸ்டெம் செல் என்று எல்லாவற்றையும் கலந்து பேசி, கடைசியில் ஒரு போன் நம்பர். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். இதயத்திலேயே தசையை வளர்க்கும் ஸ்டெம் செல் இருக்கிறது என்று பியெரோ அன்வெர்சா என்பவர் பல ஆண்டுகள் எழுதினார். உலகம் நம்பியது. நோயாளிகள் மேலேயே பரிசோதித்தார்கள். 2018-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அவர் வேலை பார்த்த பிரிகாம் மருத்துவமனையும் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லின. தரவுகளைப் பொய்யாக்கியும் புனைந்தும் இருக்கிறார்கள் என்று. அந்த நம்பிக்கையில் உடம்பைக் கொடுத்தவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

நேர்மையாக நடந்து தோற்ற ஆய்வுகளை இன்று முழுக்கப் படித்தேன். அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

1990-களில் எல்லோரும் நம்பியது விஇஜிஎஃப் என்ற புரதத்தை. புது இரத்தக்குழாய்களை முளைக்க வைப்பது அதன் வேலை. விலங்குகளில் அழகாக வேலை செய்தது. வீவா என்ற பெயரில் 178 பேருக்கு நடந்த ஆய்வின் முடிவு 2003-ல் வந்தது. நெஞ்சுவலியால் நடக்க முடியாமல் இருந்தவர்கள் அவர்கள். இரண்டு மாதம் கழித்து டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தபோது மருந்து ஏற்றியவர்கள் முன்னைவிடக் கூடுதல் நேரம் நடந்தார்கள். மருந்தில்லாத வெறும் திரவம் ஏற்றியவர்களும் அதே போலக் கூடுதல் நேரம் நடந்தார்கள். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இருந்திருந்தால், அன்றைக்கே அது வெற்றி என்று கடைக்கு வந்திருக்கும்.

எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் புரதம்: மாரடைப்பு வந்த 114 பேருக்கு ஜெர்மனியில் கொடுத்துப் பார்த்தார்கள், 2006. பலனில்லை. இரத்தச் சோகைக்குக் கொடுக்கிற எரித்ரோபாய்டின்: அமெரிக்காவில் 222 பேர், 2011. செத்த தசையின் அளவு குறையவில்லை. பாதகமான விளைவுகள்தான் மருந்து ஏற்றியவர்களிடம் கூடுதலாக இருந்தன.

ஏன் தோற்றன? எனக்குப் படுவது இது. வளர்ச்சிப் புரதம் என்பது ஒரு கட்டளை. அந்தக் கட்டளையை உடம்பு சரியான இடத்தில், சரியான அளவில், சரியான நாளில் கொடுத்துச் சரியான நாளில் நிறுத்துகிறது. நாம் அதைக் கைநரம்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் ஈரலும் சிறுநீரகமும் கழித்துவிடுகின்றன. இதயத்துக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம். அளவை ஏற்றினால் இரத்த அழுத்தம் விழுகிறது, வேறு உறுப்புகள் அந்தக் கட்டளையைக் கேட்கின்றன. ஆரோக்கியமான இளம் எலிக்கு உண்டாக்கும் மாரடைப்பு வேறு. சர்க்கரையும் கொழுப்புமாக இருபது வருடம் வாழ்ந்த உடம்புக்கு வருகிற மாரடைப்பு வேறு.

ஆகஸ்ட் 17, சனி

நியூரெகுலின். இதைப் பற்றி நிறைய எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகக் காத்திருந்தேன்.

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது டிராஸ்டுசுமாப் ஏற்றினார்கள். ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். புற்றுநோய்க்கு எதற்கு எக்கோ என்று அப்போது எல்லோரும் கேட்டோம். அந்த மருந்து ஹெர்-2 என்ற ஏற்பியை அடைக்கிறது. புற்றுச் செல் அந்த ஏற்பி வழியாகத்தான் பெருகச் சொல்லும் சேதியை வாங்குகிறது. அதே ஏற்பி இதயத் தசைச் செல்லிலும் இருக்கிறது. அங்கே அது தசையைப் பிழைக்க வைக்கிற சேதியை வாங்கும் இடம். மருந்து வந்த புதிதில், இன்னொரு வகைப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, நான்கில் ஒருவருக்கும் மேல் இதயம் பலவீனமானது. அந்த இழப்பிலிருந்துதான் உலகம் கற்றுக்கொண்டது: வளர்ந்த மனிதரின் இதயத்தால் இந்த ஏற்பி இல்லாமல் காலம் தள்ள முடியாது.

அந்த ஏற்பியும் அதன் ஜோடியும் சேர்ந்து பிடித்துக்கொள்கிற புரதம்தான் நியூரெகுலின்-1. போஸ்டனில் பெர்ன்ஹார்டு கூன் குழு 2009-ல், அதைக் கொடுத்தால் வளர்ந்த எலியின் தசைச் செல்கள் சில மறுபடி பிரிகின்றன என்று காட்டியது. சீனாவில் அதை மருந்தாக்கி, இதயச் செயலிழப்பு உள்ள 44 பேருக்குப் பத்து நாள் ஏற்றிப் பார்த்ததை 2010-ல் வெளியிட்டார்கள். பம்பிங் கொஞ்சம் ஏறியது. 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் மனிதரில் ஒரு வளர்ச்சிப் புரதம் நல்ல திசையைக் காட்டியது மனசுக்குத் தெம்பாக இருக்கிறது.

பயமும் அங்கேயேதான் இருக்கிறது. இதயத்தைப் பெருக்குகிற அதே சேதி, மார்பிலோ குடலிலோ ஒளிந்திருக்கிற ஒரு புற்றுச் செல்லையும் பெருக்கலாம். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எல்தாத் சாகோர் குழு 2015-ல் செய்த சோதனை இதைச் சரியாகப் பிரித்துக் காட்டியது. எலியின் இதயத்தில் ஹெர்-2 ஏற்பியை ஓயாமல் இயங்க விட்டால் செல்கள் பழைய இளமைக்குத் திரும்பிப் பெருகுகின்றன. இதயம் வீங்கிப் பம்ப் பண்ண முடியாமல் போகிறது. கொஞ்ச நாள் இயக்கிவிட்டு நிறுத்தினால், செல்கள் பெருகி, மறுபடி முதிர்ந்து, வேலைக்குத் திரும்புகின்றன. பெருக வைப்பதைவிட நிறுத்தத் தெரிவதுதான் இங்கே பெரிய வித்தை. மாரடைப்பு வந்த பன்றிகளின் இதயத்தில் செல்களைப் பெருக்கும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இத்தாலியில் வைரஸ் வழியாகச் செலுத்தினார்கள், 2019. முதலில் தழும்பு சுருங்கியது, பம்பிங் ஏறியது. அதை நிறுத்தும் வழி இல்லாததால், பிறகு பெரும்பாலான பன்றிகள் துடிப்பு தாறுமாறாகித் திடீரென்று செத்தன.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தம்பிக்குத் தலைசுற்றல். மாத்திரைகளைச் சரிபார்த்தோம். ஆஸ்பிரின், டிகாகிரெலார், அடோர்வாஸ்டாடின், மெட்டோபிரோலால், ராமிப்ரில். டாக்டரிடம் போனில் கேட்டு ஒன்றின் அளவைக் குறைத்தோம். வேறு படிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஒரே புரதம், வெவ்வேறு அலங்காரம். எஃப்எஸ்டிஎல்-1 கதை இது.

இதயத்தை மூடியிருக்கிற மெல்லிய வெளிச்சவ்வு இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு வெளிச்சவ்வில் அது காணாமல் போகிறது, உள்ளே தசையில் கூடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் பிலார் ரூயிஸ்-லோசானோ குழு 2015-ல் கொலாஜன் பட்டை ஒன்றில் இந்தப் புரதத்தை ஏற்றி எலிக்கும் பன்றிக்கும் இதயத்தின் மேல் வைத்துத் தைத்தது. தசைச் செல்கள் பிரிந்தன, பம்பிங் கூடியது. விந்தை என்னவென்றால், தசை தானே சுரக்கிற அதே புரதத்துக்கு இந்தப் பலன் இல்லை. தசையில் சுரப்பதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் அதிகம் ஒட்டியிருக்கின்றன. வெளிச்சவ்வில் சுரப்பதன் மேல் குறைவு. அமினோ அமில வரிசை ஒன்றே. எந்தச் செல்லில் வைத்து ஒரு புரத மருந்தைத் தயாரிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று பாடம் நடத்தும்போது சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அப்போது இது தெரிந்திருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அக்ரின் இன்னொன்று. பிறந்த எலிக் குஞ்சின் இதயத்தில் செல்களுக்கு இடையே இருக்கும் சட்டகத்தில் நிறைய உண்டு, வளர்ந்ததும் குறைகிறது. சாகோர் குழுவே 2017-ல், மாரடைப்பு வந்த வளர்ந்த எலிகளுக்கு ஒரே ஒரு முறை ஊசியாகக் கொடுத்துத் தழும்பு சிறிதாவதைக் காட்டியது. 2020-ல் பன்றியிலும் நல்ல பலன் வந்தது. பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் நம்முடையதற்குக் கிட்டத்தில் இருப்பது. எலியில் நின்றுபோகாமல் அங்கே வரைக்கும் வந்ததே ஒரு படிதான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று படித்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிட்னி வெஸ்ட்மீட் நிறுவனத்தில் ஜேம்ஸ் சோங் குழு. முதல் ஆசிரியர் சுஜிதா தவபாலச்சந்திரன். 2020. மாரடைப்பை உண்டாக்கிய பன்றிகளுக்கு பிடிஜிஎஃப்-ஏபி என்ற புரதத்தை ஏழு நாள் நரம்பு வழியாக ஏற்றினார்கள். இதயத்தைத் திறக்கவில்லை, குத்தவில்லை. நான்கு வாரத்தில் உயிரோடு இருந்தவை 40 சதவீதம் கூடின. பம்பிங் கூடியது, ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் குறைந்தன, சிறு தமனிகள் பெருகின.

தழும்பின் அளவு மட்டும் குறையவே இல்லை.

மாறியது தழும்பின் உள்ளமைப்பு. கொலாஜன் நார்கள் ஒரே திசையில் சீராக அடுக்கப்பட்டிருந்தன. திண்ணையில் சாய்ந்திருந்த தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் ஆயுசெல்லாம் தென்னையோடும் நாரோடும் இருப்பவன். "அதே நாருதானுங்கக்கா. குமிச்சுப் போட்டாக் குப்பை. வாட்டமா முறுக்குனா வண்டியவே இழுக்கும்," என்றான். நான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

தசையை வளர்க்காமல் தழும்பை நல்லதாக்குவது. நான் இந்த நாட்களில் படித்ததில் மனிதருக்குச் சீக்கிரம் வந்து சேரக்கூடியது இதுவாக இருக்கும் என்று என் மனசு சொல்கிறது. செல்லைப் பெருகச் சொல்கிற ஆபத்தான கட்டளையை அவ்வளவாக நம்பி நிற்காத வழி இது. உடம்பு எப்படியும் செய்யப்போகிற வேலையைத் திருத்தமாகச் செய்ய வைக்கிறது.

செப்டம்பர் 2, திங்கள்

அதே சிட்னியில் இன்னொரு கை சேர்ந்திருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆன்டனி வைஸ், எலாஸ்டின் என்ற மீள்தன்மைப் புரதத்தின் மூலப் பொருளான டிரோப்போஎலாஸ்டினை ஆய்வகத்தில் தயாரிப்பதற்காக வாழ்நாளைக் கொடுத்தவர். தோலும் தமனியும் இழுத்தால் பழைய நிலைக்கு வருவது எலாஸ்டினால். வளர்ந்த பிறகு உடம்பு அதைக் கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. சின்ன வயதில் செய்து வைத்ததுதான் கடைசி வரைக்கும். சோங்கும் வைஸும் 2022-ல், மாரடைப்பு வந்த எலிகளுக்கு நான்காம் நாள் அல்ட்ராசவுண்டு பார்த்துக்கொண்டே இதயச் சுவருக்குள் இந்தப் புரதத்தை ஊசியால் செலுத்தினார்கள். நான்கு வாரத்தில் பம்பிங் மேம்பட்டது. தழும்பில் எலாஸ்டின் சேர்ந்து அது நெகிழ்வாக இருந்தது.

மனிதரிடம் சட்டகப் புரதங்களை முயன்றவர் சான் டியாகோவின் கேரன் கிறிஸ்ட்மன். பன்றி இதயத்தின் செல்களை எல்லாம் கழுவி நீக்கிவிட்டு, மிஞ்சும் புரதச் சட்டகத்தைக் கூழாக்கி, மாரடைப்பு வந்த 15 பேரின் இதயத்தில் வடிகுழாய் வழியாக ஏற்றினார்கள். 2019-ல் வெளிவந்தது. பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் நோக்கம். செய்ய முடியும், தாங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. பலன் உண்டா என்று சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

செப்டம்பர் 16, திங்கள். கோவை

எக்கோ. பம்பிங் 46.

மருமகன் துள்ளிக் குதித்தான். இது புதுத் தசை இல்லை கண்ணு என்று சொன்னேன். அடைப்பு நீங்கிய பிறகும் சாகாமல், அதிர்ச்சியில் வேலையை நிறுத்தியிருந்த தசை விழித்துக்கொண்டிருக்கிறது. ஊசி இன்னும் இரண்டு மணி நேரம் தாமதமாகியிருந்தால் அந்தத் தசையில் எவ்வளவோ செத்திருக்கும், விழிப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது. இந்த மாநிலத்தில் கிளை மருத்துவமனையில் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ என்ற ஏற்பாட்டைத் தாமஸ் அலெக்சாண்டர் என்ற கோவை இதய மருத்துவரும் மற்றவர்களும் 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2017-ல் எழுதியிருக்கிறார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்குக் குறைந்தார்கள். வளர்ச்சிப் புரதங்கள் எதுவும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் வரவில்லை.

"அப்ப அந்தப் புரோட்டீன் ஊசி வரவே வராதுங்களா?"

இன்றைக்குக் கடையில் வாங்குகிற மருந்தாக எதுவும் இல்லை. வரும் என்று நம்புகிறேன். வந்தால் முதலில் ஆய்வாகத்தான் வரும். அப்படி ஒன்று இந்த ஊருக்கு வந்து தம்பியைச் சேரச் சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பன்றியில் பார்த்தார்களா, எத்தனை மாதம் பார்த்தார்கள்? சேதியை நிறுத்த வழி இருக்கிறதா? துடிப்பை வீட்டிலும் கண்காணிப்பார்களா? புற்றுநோய்க்கு முன்கூட்டியே பரிசோதிப்பார்களா? பணம் கேட்கிறார்களா? கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

தம்பி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தான். மருந்தில்லாத தண்ணீர் தனக்கு ஏறினால் என்ன பிரயோசனம் என்று கேட்டான். வீவா ஆய்வில் வெறும் திரவம் ஏற்றிக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால், பலனில்லாத ஒரு மருந்தை நாம் வீட்டை விற்று வாங்கியிருப்போம்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்படீன்னா எது ஏத்துனாலும் செரி, என் பேரை எழுதிக் குடுக்கா," என்றான். தம்பி மனைவி, முதலில் டிசம்பர் எக்கோ முடியட்டும் என்றாள். அவள் சொன்னதும் சரி. அதுவரைக்கும் தினமும் முப்பது நிமிடம் நடை, உப்பைக் குறைக்க வேண்டும், பீடியை அறவே விட வேண்டும்.